‘லோக்கல் ஆன்டிபயாடிக்’: சொல் விளக்கம்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பக்கம் ஈறு வீங்கி, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருந்தது. பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி இறக்கி, "மூணு, ரெண்டு, ஆறு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டார். அப்புறம் பல்லில் இருந்த காரையை வேர்ப்பக்கம் வரை சுரண்டி எடுத்துவிட்டு, "ஆறு வந்த இடத்துல மட்டும் லோக்கல் ஆன்டிபயாடிக் வைக்கிறேன்மா" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "லோக்கல் மருந்து எதுக்குடா? காசு கூட ஆனாலும் நல்லதா வைக்கச் சொல்லு."

அம்மா மேல் தப்பே இல்லை. நம் ஊரில் ‘லோக்கல்’ என்றால் மட்டமான சரக்கு. கையெழுத்துக்கு நீட்டிய படிவத்தின் தமிழ்ப் பக்கத்திலோ ‘உள்ளூர் நுண்ணுயிர்க்கொல்லி’ என்று அச்சடித்திருந்தது. அந்த இரண்டு சொல்லிலுமே கோளாறு இருக்கிறது.

முதலில் ‘லோக்கல்’. லத்தீனில் ‘லோகஸ்’ என்றால் இடம். மருத்துவத்தில் அது ஊரைக் குறிப்பதே இல்லை, உடம்பில் நோவு இருக்கிற அந்த இடத்தைத்தான் குறிக்கிறது. மாத்திரை போட்டால் மருந்து வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கடைசியில் ஈறுக்கும் கொஞ்சம் வந்து சேரும். இது அப்படியில்லை, நேராக அந்த இடத்திலேயே வைப்பது. அதனால் ‘உள்ளூர்’ என்பது அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியது, அவ்வளவுதான்.

அடுத்து ‘ஆன்டிபயாடிக்’. கிரேக்கத்தில் ‘ஆன்டி’ எதிர், ‘பயோஸ்’ உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை ஒடுக்குவதற்கு ‘ஆன்டிபயோசிஸ்’ என்று 1889இல் பெயர் வைத்தவர் பிரான்ஸின் பால் வில்மன். அதை மருந்தின் பெயராக நிலைக்க வைத்தவர் 1940களில் செல்மன் வாக்ஸ்மன், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்தது அவருடைய ஆய்வகத்திலிருந்துதான். அவர் சொன்ன பொருளில் அது ஒரு நுண்ணுயிர் சுரந்து, இன்னொரு நுண்ணுயிரை வளரவிடாமல் தடுக்கிற அல்லது அழிக்கிற பொருள். ‘தடுக்கிற’ என்பதைக் கவனியுங்கள்.

ஈறில் வைக்கும் மருந்துகளில் டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் மூன்றும் ஒரே குடும்பம் (‘டெட்ரா’ நான்கு, ‘சைக்ளின்’ வளையத்திலிருந்து வந்தது, மூலக்கூறில் நான்கு வளையம்). இந்தக் குடும்பத்தின் மூத்தது ஆரியோமைசின். அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு வயல் மண்ணிலிருந்து பெஞ்சமின் டகர் அதைக் கண்டெடுத்தபோது, அவர் வேலை பார்த்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்தப் பெயர் இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு மனக்குறை. சரி, சொல்லுக்கு வருவோம். இந்த மருந்துகள் பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியைப் புரதம் செய்யவிடாமல் தடுக்கும், பெருக முடியாமல் அது முடங்கிக் கிடக்கும், மீதியை உடம்பின் வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்ளும். எனவே இங்கே ‘கொல்லி’ பொருந்தாது. ‘நுண்ணுயிர் எதிரி’ என்பதே சரி, ‘ஆன்டி’க்கும் அதுதான் நேர்ச்சொல். குளோர்ஹெக்சிடின் சில்லையும் இதே இடத்தில் வைப்பார்கள், ஆனால் அது ஆன்டிபயாடிக்கே இல்லை, கிருமிநாசினி.

எதற்கு அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்? நலமான ஈறு பல்லை ஒட்டி மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு சிறு பள்ளமாக இருக்கும். நோய் வந்தால் அது பிரிந்து ஆழமாகிப் பை போலாகிவிடும், மருத்துவரும் ‘பாக்கெட்’ என்றுதான் சொல்வார். வாய் கொப்பளிக்கும் மருந்து அதன் அடிவரை போகாது. போனாலும் நிற்காது, ஏனென்றால் ஐந்து மில்லிமீட்டர் பையில் ஊறும் நீர் ஒரு மணி நேரத்தில் சுமார் 40 முறை மாறுகிறதாம். ஆகவே மெதுவாகக் கசிகிற வடிவில் மருந்து வேண்டும். பாஸ்டனின் ஃபோர்சைத் நிலையத்தில் மேக்ஸ் குட்சன் 1979இல் டெட்ராசைக்ளின் நிரப்பிய நுண்குழல் இழையை வைத்துக் காட்டியது இதற்குத்தான். பின்னால் ஜெல்லும் நுண்ணுருண்டையும் வந்தன. சென்னையிலேயே 2 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் ஏற்றிய கொலாஜன் (ஒரு வகைப் புரதம்) இழை தயாராகிறது. அது தானே கரைந்துவிடும், திரும்பப் போய் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காரையையும் பாசி போல ஒட்டிய படலத்தையும் சுரண்டாமல் இதை மட்டும் வைப்பதில் பயன் இல்லை. சுரண்டிய பிறகு வைத்தாலும் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சிறியதுதான். டெட்ராசைக்ளின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? கட்டுரையில், பாடப்புத்தகத்தில் ‘இடஞ்சார் நுண்ணுயிர் எதிரி’ எனலாம். நோயாளியிடம் அது வேண்டாம். ஈறு + பை, ஈற்றுப்பை. ‘ஈற்றுப்பையில் வைக்கும் மருந்து’ என்றால் எங்கே, என்ன செய்கிறார்கள் என்பது ஒரே மூச்சில் விளங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஈறை ‘முரசு’ என்பார்கள், அங்கே ‘முரசுப்பை’ என்று வைத்துக்கொண்டாலும் அழகுதான்.

அன்று இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. "ஈறு விட்டுப் பை மாதிரி ஆயிருக்கும்மா, அந்தப் பைக்குள்ள மருந்து வைக்கிறாங்க" என்றேன், உடனே வாயைத் திறந்தார். இடுக்கி முனையில் பஞ்சுத் துணுக்கு மாதிரி இருந்த மஞ்சள் இழை உள்ளே போய் மறைந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மாவே விளக்கிக்கொண்டிருந்தார்: "ஈறுல பை விழுந்திருந்துச்சு, அதுக்குள்ளயே மருந்து வச்சுட்டாங்க. அந்தப் பக்கம் குச்சி விட்டுக் குத்தக் கூடாதாம்."