சாப்டர்: அத்தியாயமா, அதிகாரமா, இயலா?

ஒரு விஷயம் முடிஞ்சுதுன்னா "சாப்டர் க்ளோஸ்"னு சொல்லிடுறோம், பரீட்சைக்கு முந்தின ராத்திரி "இன்னும் மூணு சாப்டர் பாக்கி"ன்னு புலம்புறோம், ஆனா அதையே தமிழ்ல எழுதச் சொன்னா பேனா நின்னுடுது. அத்தியாயம், அதிகாரம், இயல், படலம்னு கைக்கு வந்ததைப் போட்டுடுறாங்க. எல்லாம் ஒண்ணு இல்லைங்க.

முதல்ல மூலம். லத்தீன்ல கபுட்னா தலை, கபிடுலும்னா குட்டித் தலை. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போய் சாப்டர் ஆச்சு. கேப்டனும் கேபிடலும் கூட அதே தலை குடும்பம்தான். நம்ம தலைப்புலயும் தலை இருக்கு பாருங்க, சேலைத் தலைப்பு உட்பட.

அத்தியாயம் வடசொல், படிக்கிறது, பாடம்ங்கிற அர்த்தத்துல இருந்து வந்தது. கீதைல 18 அத்தியாயம். வாரப் பத்திரிகை தொடர்கதை படிச்சே நமக்கு அது கதையோட ஒட்டிப் போச்சு, கதைக்கு அதுவே இருக்கட்டும்.

அதிகாரம்தான் ஆளைக் குழப்பும். தொல்காப்பியத்துல எழுத்து, சொல், பொருள்னு 3 அதிகாரம், ஒவ்வொண்ணுக்குள்ளயும் 9 இயல், ஆக மொத்தம் 27. அதாவது அதிகாரம் பெரிசு, இயல் அதுக்குள்ள அடங்கினது. குறளுக்கு வந்தா அப்படியே தலைகீழ், பால் பெரிசு, அதுக்குள்ள இயல், இயலுக்குள்ள அதிகாரம், அதுல 10 குறள், இப்படி 133. தமிழ் பைபிள்லயும் சாப்டருக்கு அதிகாரம்னுதான் போட்டிருக்காங்க. ஆனா இன்னைக்கு தெருவுல அதிகாரம்னா பவர்னுதான் காதுல விழுது, அதனால புது புக்குக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

கட்டுரை நூலுக்கு, அதாவது கதை இல்லாத எதுக்கும், என் ஓட்டு இயலுக்குத்தான். காரணம் இருக்கு. இயலுக்கு ஓத்துன்னு ஒரு பழைய பேர் உண்டு (ஓதுறதுல இருந்து வந்தது, இன்னைக்கு சபைல சொல்ல முடியாது, விட்டுடுவோம்). அதுக்கு தொல்காப்பியமும் நன்னூலும் சொல்ற விளக்கம் என்னன்னா, ஒரே இனத்து மணிகளை வரிசையா வச்ச மாதிரி ஒரே இனத்துப் பொருளை ஒரே இடத்துல வைக்கிறது. பல பொருள் கலந்துகட்டி வந்தா அது படலம்னு நன்னூல் தனியா பிரிக்குது. எவ்வளவு சுத்தமா பிரிச்சிருக்காங்க பாருங்க.

இதுல படிக்கிறவனுக்கு என்ன லாபம்னா, மகன்ங்கிறது கூப்பிடும்போது எப்படி மகனேன்னு மாறுதுன்னு ஒருத்தருக்கு டவுட்டுன்னு வச்சுக்கோங்க, அவர் தொல்காப்பியத்தை முதல் சூத்திரத்துல இருந்து உருட்ட வேண்டாம், நேரா விளிமரபுங்கிற இயலுக்குப் போய் (விளின்னா கூப்பிடுறது) பார்த்துட்டு மூடி வச்சிடலாம், ஏன்னா பேரே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுது. நாவலை நடுவுல திறந்தா ஒண்ணும் புரியாது, இதை எங்க வேணா திறக்கலாம். சர்க்கரை நோய் பத்தின புக்குலயும் இதே கணக்குதான், கால்ல புண்ணு வந்தவர் கால் பராமரிப்புன்னு இருக்கிற இயலைத்தான் தேடுவார், அந்த விஷயத்தை சாப்பாட்டுல கொஞ்சம் மாத்திரைல கொஞ்சம்னு தூவி விட்டுட்டு மேல வெறும் "அத்தியாயம் 7"னு நம்பர் மட்டும் போட்டா பாவம் அவர் என்ன பண்ணுவார். நன்னூல் 10 குற்றம்னு ஒரு லிஸ்ட் போடுது, அதுல மயங்க வைத்தல்னு ஒண்ணு உண்டு, பொருள் இதுவா அதுவான்னு படிக்கிறவரைக் குழப்புறது, இதுவும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மற்றொன்று விரித்தலும் அதே லிஸ்ட்ல இருக்கு, சொல்ல வந்ததை விட்டுட்டு வேற எதையோ இழுத்துட்டுப் போறது, நான் இப்ப சர்க்கரை நோய்க்குப் போன மாதிரி.

பாடம், அலகு ரெண்டும் ஸ்கூல் புக்குக்கு சரி. வெளில வேணாம்.

இன்னொரு சாப்டர் இருக்கு, சங்கங்கள்ல "சென்னை சாப்டர்"னு சொல்றது. கிறிஸ்தவ மடங்கள்ல துறவிகள் தினமும் ஒண்ணா கூடி, பெனடிக்ட்ங்கிற துறவி எழுதின மட விதிகள்ல ஒரு சாப்டர் வாசிப்பாங்க. அதனால முதல்ல அந்தக் கூட்டத்துக்கும், கூடுற மண்டபத்துக்கும், அப்புறம் கூடுற ஆளுங்களுக்குமே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு, கடைசில சங்கத்தோட பிரிவுக்கும் வந்துடுச்சு. அதுக்கு தமிழ்ல கிளை. "சென்னை இயல்"னு போட்டு நோட்டீஸ் அடிச்சிடாதீங்க.