வாயால கதை சொல்லுங்கோ, பிள்ளை பதில் சொல்லுமட்டும் பொறுங்கோ

வெள்ளவத்தையில பேச்சுச் சிகிச்சை செய்யிறன். இப்ப கூடுதலா வாற பிள்ளையள் எப்பிடியெண்டா நாலு வயசு, ஏபிசிடி தெரியும், கலர் எல்லாம் இங்கிலீஷில சொல்லும், ஆனா நேற்று பீச்சில என்ன நடந்தது எண்டு கேட்டா "பீச்... ஐஸ்கிரீம்" எண்டதோட நிண்டிடும். நாலு படத்தை வரிசையா வச்சாலும் "நாய், பந்து, மாமா" எண்டு பேர் மட்டும்தான் வரும், நாய் ஏன் ஓடினது எண்டு வராது. இந்தக் கோர்வை இல்லாட்டி பிறகு பந்தி வாசிச்சு விளங்கிறதும் கஷ்டம், ஸ்கொலஷிப் கிளாசுக்கு விட்டு அதை ஊட்டேலாது.

"போனில கதை பாக்கிறான்தானே" எண்டு பெற்றோர் சொல்லுவினம். பாக்கிறான், ஆனா வீடியோ அவன்ட பதிலுக்காக நிக்காது. வாயால சொல்லேக்க படம் இல்லை, மரத்தையும் காகத்தையும் பிள்ளையே மனசில கீற வேணும், முதல் நடந்ததை ஞாபகம் வச்சிருக்க வேணும், நரி சொல்லுறது ஒண்டு நினைக்கிறது ஒண்டு எண்டதையும் பிடிக்க வேணும். உலக சுகாதார நிறுவனம் 2019இல வெளியிட்ட வழிகாட்டலும் 2 வயசுக்குக் கீழ ஸ்கிரீன் வேண்டாம், 2 தொடங்கி 4 வயசு வரை நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல போக வேண்டாம், சும்மா இருக்கிற நேரத்தில பெரியாக்கள் கதை சொல்லுறது நல்லம் எண்டுதான் சொல்லுது.

ஒரு அம்மாவை மஹதெனமுத்தா கதை சொல்லச் சொன்னன், சிங்களப் பக்கத்து நாட்டார் கதை, எங்கட பிள்ளையளுக்கும் நல்லாப் பிடிக்கும். "ஆட்டின்ட தலை பானைக்குள்ள மாட்டிட்டுது, இப்ப என்ன செய்யிறது?" எண்டு கேட்டிட்டு அவவே பதில் சொல்ல வெளிக்கிட்டா, நான் கையால மறிச்சன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெடியன் மெல்லமா "பானையை உடைக்கலாம்" எண்டான். ஏன் அப்பன்? "ஆட்டுக்கு மூச்சு விடேலாதுதானே." காரணத்தோட அவன் சொன்னதை அண்டைக்குத்தான் நான் முதல் கேட்டன். அந்தப் பெரிய அறிவாளி மஹதெனமுத்தா ஆட்டின்ட தலையை வெட்டிப்போட்டுத்தான் பானையை உடைச்சவர் எண்டதும் அவனுக்கு வந்த கோபத்தைப் பாக்க வேணும்! அதுக்குப் பிறகு வாய் மூடவே இல்லை.

இங்கிலீஷில சொல்ல வேணுமோ எண்டு கேக்கிறவைக்கு, உங்களுக்குத் தடக்காமல் வாற பாஷையில சொல்லுங்கோ, தமிழில கோர்த்துச் சொல்லப் பழகின பிள்ளைக்கு மற்றப் பாஷையிலயும் அது உதவும். யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மா வீடியோ கோலில சொன்னாலும் நல்லதுதான், அவ பிள்ளை பதில் சொல்லுமட்டும் பொறுப்பா. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டா அலுக்காதேங்கோ, அடுத்தமுறை வேணுமெண்டே ஒரு இடத்தைப் பிழையாச் சொல்லுங்கோ, பிள்ளை திருத்தும்.

2 வயசாகியும் ரெண்டு சொல்லைச் சேர்த்துக் கதைக்காட்டி கதையோட மட்டும் நிக்காதேங்கோ, பொரளை லேடி ரிட்ஜ்வே மாதிரி அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமலே பேச்சுச் சிகிச்சையாளரிட்டக் காட்டலாம், காதும் கேக்குதோ எண்டு சோதிக்கச் சொல்லுங்கோ.