"எனக்கு ஒரு நாள் முந்தி இவன் போய்விட வேண்டும்"

சிறப்புக் கல்வியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். "எனக்கு ஒரு நாள் முந்தி இவன் போய்விட வேண்டும், டீச்சர்." சொன்னவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு தாய். மடியில் நான்கு வயதுப் பையன். அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டுத் திண்ணைகளிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் வார்த்தை மாறாமல் அதையே கேட்டிருக்கிறேன். பெற்றவள் பிள்ளையின் சாவை வேண்டிக்கொள்கிறாள் என்றால், தன் காலத்துக்குப் பிறகு இவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட ஊரில் யாரும் இல்லை என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று பொருள். "அப்படியெல்லாம் பேசாதீர்கள்" என்று நாமும் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். அவள் கணக்கில் ஆள் சேர்க்காமல் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பதினெட்டு வயது வரை ஏதோ ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும். பள்ளி, பயிற்சி, காலையில் வரும் வேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பிறகு ஒரு நாள் வேன் வருவதில்லை. குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இனி வேன் வராது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க ஒரு வீட்டில் மூன்று மாதம் ஆயிற்று.

அதே பதினெட்டில் இன்னொன்றும் நடக்கிறது. சட்டத்தின் கண்ணில் பிள்ளை வயதுவந்தவர் ஆகிவிடுகிறார். பெற்றோர் அவருடைய இயற்கைப் பாதுகாவலராக இருப்பது முடிந்துவிடுகிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது வங்கி மேசையின் முன்னால்தான் தெரியவருகிறது. ஓய்வுபெற்ற ஒரு பஸ் நடத்துநரின் மகளுக்கு அப்போது 22 வயது. பாட்டி பேத்தியின் பெயரில் போட்டுவைத்த பணத்தை எடுக்கப் போனபோது, நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்கி வரச் சொன்னார்கள். வக்கீல், வாய்தா என்று ஓராண்டுக்கும் மேல் அலைந்து களைத்த பிறகுதான் அவர் எங்களிடம் வந்தார். உண்மையில் அவர் நீதிமன்றப் படியேறியிருக்கவே வேண்டாம்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இயங்குகிறது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். பதினெட்டு வயது நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பெற்றோர் தாங்களே பாதுகாவலராகலாம், தாங்கள் நம்பும் வேறொருவர் பெயரையும் கொடுக்கலாம். குழு கொடுக்கும் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ அறிவுறுத்திவிட்டது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பிக்கும் முறையைச் சொல்வார்கள். அங்கே காரியம் நகராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். இதே நிலையில் இருக்கும் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். நான்கு பேராக நிற்கும்போது காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. எந்தக் கூட்டத்திலும் நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான்.

நியமனத்துக்கு முன் குழு இரண்டைப் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது: இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா? தேவை என்றால் எந்தெந்தக் காரியத்துக்கு? குடும்பங்கள் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்வதே இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஓர் இளைஞரின் தாய், உறவினர் ஒருவர் சொன்னார் என்று பாதுகாவலர் விண்ணப்பத்தோடு வந்தார். மகனுக்குப் பேச்சு தெளிவில்லை, கை நடுங்கும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, "என்னிடம் கேட்டீர்களா?" என்றார். அந்தத் தாய் அதிர்ந்துபோனார். பேச்சு வராதவருக்குப் புத்தியும் இருக்காது என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் அவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது. விண்ணப்பம் கொடுக்கப்படவில்லை. வங்கியில் கைநாட்டு வைக்க ஏற்பாடு செய்தோம். அவருடைய பணத்தை இன்றுவரை அவரேதான் எடுக்கிறார்.

2016ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது. உதவி தேவைப்படும் இடத்தில்கூட, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைத்தான் முன்வைக்கிறது. பாதுகாவலர் ஆனவருக்கும் கடிவாளம் உண்டு. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ அவரை நீக்கக் கோரி உறவினரோ பதிவுபெற்ற நிறுவனமோ மனு செய்யலாம். அண்ணன் தம்பிக்குள் சொத்து உள்ள வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (UDID) முதலில் வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாம் அதன் பின்னால்தான். 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது, பயிற்சி சிகிச்சைச் செலவும் அதில் அடங்கும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பலர் இரண்டாம் ஆண்டு மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டு. அந்தப் பெயரை நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுங்கள்.

இவ்வளவையும் செய்த வீட்டிலும் அந்தத் தாயின் வாக்கியம் மாறாமல் இருக்கும். சான்றிதழ் வந்து யாருக்கும் சோறு ஊட்டாது. "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்பதுதான் பல வீடுகளின் முழுத் திட்டம். அந்த அக்காவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளைப் பெண் பார்க்க வருகிற நாளில் தம்பியைப் பின்கட்டில் பூட்டிவைத்திருப்பார்கள். ஒளித்து வளர்த்த பிள்ளையை நாளைக்கு ஊர் எப்படி அடையாளம் கண்டு சாப்பிடக் கூப்பிடும்?

தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். தானும் அதே வாழ்க்கையை வாழ்ந்துகொண்டே கிராமம் கிராமமாக வேலையைக் கொண்டுபோனார். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் பெயரிலேயே பாதுகாப்போரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் போராட்டத்தில் பராமரிக்கும் தாய்க்கும் ஓர் இடம் உண்டு என்பதை அந்தப் பெயர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் செய்தது சிறிய வேலை. ஒரே பகுதியில் இருக்கும் ஏழு குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடுவது. சனிக்கிழமைகளில் மூன்று மணி நேரம் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வது. முதல் சனிக்கிழமை பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஒரு தாய் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார், எங்கே போவது என்று தெரியவில்லை என்று. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவான். எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான். தூங்க என்ன வேண்டும். தெரு முனை டீக்கடைக்காரருக்கும் வழக்கமாக வரும் ஆட்டோ ஓட்டுநருக்கும் பிள்ளையை அறிமுகம் செய்துவைத்தோம்.

முதலில் சொன்ன அந்தத் தாயும் இந்த ஏழில் ஒருவர். பையனுக்கு இப்போது 26 வயது. சென்ற ஆண்டு அவருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்து வீட்டு அத்தையும் குழுவில் இருந்த இன்னொரு தாயும் முறைபோட்டுக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டார்கள். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. வீடு திரும்பியதும் அவர் நோட்டுப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அத்தை தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "ரசம் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டால் இரண்டு கரண்டி கூடச் சாப்பிடுகிறான்."

"இது எனக்கே தெரியாது, டீச்சர்" என்றார்.