முதலில் விளையாடட்டும், தாண்டுவது பிறகு

மேசைமேல் செல்பேசியை வைத்து அந்தத் தம்பி ஒரு காணொளியைக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின் கைப்பிடிகளின் குறுக்கே ஓர் ஒட்டடைக்கம்பு. ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று ஓடிவந்து, தன் தலைக்கு மேலிருக்கும் அந்தக் கம்பை அலட்டிக்கொள்ளாமல் தாண்டி, மறுபக்கம் சிமெண்டுத் தரையில் முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றி இறங்கியது. "ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை தாண்டுவான் டாக்டர். களைப்பே தெரியாது" என்றார். குரலில் அத்தனை பெருமை. ஆனால் அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் வேறு. ஒரு வாரமாகக் குட்டி வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது.

அன்று எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஓட விடாமல் ஓய்வு கொடுங்கள், மூன்று வாரம் கழித்துக் கட்டாயம் கொண்டுவாருங்கள் என்று சொல்லியனுப்பினேன். திரும்பி வந்தபோது எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வலது பாதம் மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இடது காலில் எலும்பின் முனைக்குச் சற்று மேலே கறுப்புக் கோடு ஒன்று தெளிவாக ஓடியது. வலது காலில் அந்தக் கோடு பாதிக்கு மேல் மறைந்திருந்தது.

அந்தக் கறுப்புக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. குட்டியின் நீண்ட எலும்புகள் அந்தக் குருத்தெலும்புப் பட்டையிலிருந்துதான் நீளுகின்றன. சுற்றியிருக்கும் எலும்பையும் தசைநாரையும்விட அது மெத்தென்றது. அதிர்ச்சி வந்தால் முதலில் அடிபடுவது அதுவே. முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் இணையாக வளர்கின்றன. அல்னாவின் கீழ்முனைத் தட்டு கூம்பு வடிவில் இருப்பதால், மேலிருந்து விழும் பாரத்தில் விலகிக் கொடுக்க முடியாமல் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய அன்று படத்தில் தெரியாமல் போகலாம். பிறகு அல்னா நின்றுவிடும், ரேடியஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கம் நாண் கட்டிய வில்லைப் போலக் கால் வளைவது அதனால்தான். அந்தக் குட்டிக்கு அல்னாவில் ஒரு துண்டை அகற்றி ரேடியஸை விடுவிக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இன்று அவன் நன்றாக நடக்கிறான், ஓடுகிறான். பாதம் மட்டும் கொஞ்சம் வெளியே பார்த்தபடி இருக்கிறது. அவனுக்காக அந்தத் தம்பி கண்ட கனவு, நாய்கள் வரிசையாகத் தடைகளைக் கடந்து ஓடும் அஜிலிட்டி போட்டி. அது இனி அவனுக்கு இல்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாயின் மேல் அன்பில்லாதவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். அவர் பார்த்ததெல்லாம் முடிவை மட்டும் காட்டும் காணொளிகள். தடையைத் தாண்டுவதும், சுரங்கக் குழாய்க்குள் பாய்வதும், பன்னிரண்டு கம்பங்களுக்கு இடையே நெளிந்து ஓடுவதும் அவற்றில் இருக்கின்றன. அந்த நாய் ஒன்றரை வயதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் இல்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இந்த விளையாட்டு 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பார்வையாளர்களுக்கான இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கியது. ஜான் வார்லி என்பவர் குதிரைகள் தடை தாண்டும் போட்டியை மனத்தில் வைத்து யோசனை சொல்ல, பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் தடைகளை வடிவமைத்தார். இன்று பல நாடுகளில் பரவிவிட்ட அதன் விதிகளில் ஒன்றை மட்டும் பாருங்கள். பல நாட்டு நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படியும் பிரிட்டனின் கென்னல் கிளப் விதிப்படியும் பதினெட்டு மாதம் நிறையாத நாய் போட்டியில் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் அமெரிக்கன் கென்னல் கிளப் வைத்திருக்கும் எல்லை பதினைந்து மாதம். வளர்ச்சித் தட்டுகள் மூடும் காலம் சிறிய இனங்களில் ஏறத்தாழ 8 முதல் 10 மாதம். பெரிய இனங்களில் ஓராண்டைத் தாண்டிப் போகும், மிகப் பெரியவற்றில் ஒன்றரை ஆண்டும் ஆகலாம். மிகச் சிறு வயதில் கருத்தடை செய்த நாய்களில் இன்னும் தள்ளிப்போகும். நீண்டு மெலிந்த கால்களையுடைய நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவற்றுக்கு நான் அவசரப்படவே மாட்டேன்.

அப்படியானால் தட்டுகள் மூடும்வரை சும்மா இருப்பதா? இல்லை. செய்ய வேண்டியவை அத்தனை இருக்கின்றன, ஆனால் அவை எல்லாம் தரையில்தான் நடக்கும். முதலாவது, நம்மோடு சேர்ந்து விளையாடக் கற்பது. இதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கிறது, நாய்க்குப் போய் விளையாடக் கற்றுக்கொடுப்பதா என்று கேட்கிறார்கள். செவலையின் கதையைச் சொன்னால் புரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பஸ் நிலையத்தருகே எடுத்து வளர்த்த நாட்டு நாய்க் குட்டி அது. நான்கு மாதம் இருக்கும். "பந்து போட்டால் ஓடி ஒளிந்துகொள்கிறாள் டாக்டர், ஏதோ குறை இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது" என்றார். அவர் பந்தை எறியக் கையை ஓங்கியபோது பார்த்தேன். குட்டி வாலை இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. கை ஓங்கினால் கல் வரும். தெருவில் பிறந்த குட்டி படிக்கும் முதல் பாடம் அதுதானே. "அம்மா, பந்து வேண்டாம். வீட்டில் பழைய துண்டு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

மறுநாள் ஒரு பூத்துண்டைக் கொண்டுவந்தார். நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து, ஜடை பின்னுவதுபோல் பின்னி, இரு முனையிலும் முடிச்சிட்டு, துணி காயப்போடும் கயிற்றில் ஒரு முழம் சேர்த்துக் கட்டினேன். குட்டிக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், துண்டை மெதுவாக இழுத்தேன். சுவரோரம் பல்லி ஓடுவதைப் போலக் கொஞ்சம் ஓட்டம், சட்டென்று நிறுத்தம், ஒரு துடிப்பு, மறுபடி ஓட்டம். எப்போதும் அவளிடமிருந்து விலகிப் போகும் திசையில். இரை நாயின் வாயைத் தேடி வராது, ஓடத்தான் செய்யும். பொம்மையைக் குட்டியின் முகத்தில் திணித்து ஆட்டுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு, அதைப் பார்த்தாலே பயந்த குட்டி பின்வாங்கும். முதல் நாள் அவள் காதை மட்டும் நிமிர்த்தினாள். மூன்றாம் நாள் ஒரு காலால் தட்டினாள். ஐந்தாம் நாள் கவ்வினாள். நான் லேசாக இழுத்துவிட்டுக் கையைத் தளர்த்தினேன், துண்டு அவளுக்கே போனது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடினாள். நான் அசையவில்லை, கூப்பிடவும் இல்லை. ஓடிய வேகத்தில் திரும்பி வந்து, துண்டை என் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நீயும் பிடி என்பதற்கு நாய்களின் மொழியில் வேறு சொல் கிடையாது.

அஜிலிட்டிக்கு வேண்டிய அடித்தளம் இந்த ஒரு கணம்தான். தூரத்தில் ஓடும் நாய் திரும்பி நம் கையைத் தேடி வருவதும், கூச்சலும் கூட்டமும் உள்ள இடத்தில் கண்ணை நம்மீதே வைத்திருப்பதும் இதிலிருந்து வளர்பவை. தின்பண்டம் நிதானத்தைக் கற்பிக்கிறது, உட்கார், காத்திரு என்பதற்கெல்லாம் அது நல்லது. வேகத்தை வெளியே கொண்டுவருவது இழுபறி விளையாட்டு. எனக்கு இரண்டும் வேண்டும்.

இழுபறியில் கவனிக்க வேண்டியது கழுத்து. துண்டைக் குட்டியின் தலை மட்டத்தில், தரைக்கு இணையாகப் பிடியுங்கள். மேலே தூக்கிக் குட்டியை அந்தரத்தில் தொங்கவிடுவது விளையாட்டல்ல. மேலும் கீழுமாக உதறாமல் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள், பலமாக இழுப்பதைக் குட்டியிடம் விட்டுவிடுங்கள். ஒரு பிடி பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நான்கு மாதம் முதல் ஏறத்தாழ ஏழு மாதம்வரை 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம். துண்டில் ரத்தக்கறை பார்த்தாலோ, கவ்வியதும் குட்டி விட்டுவிட்டாலோ, சில நாள் இழுக்காமல் துரத்தும் விளையாட்டு மட்டும் போதும்.

'விடு' என்ற சொல்லை அதட்டிக் கற்பிக்கத் தேவையில்லை. துண்டைப் பிடித்த கையை உங்கள் தொடையோடு ஒட்டி அசைவில்லாமல் வைத்துவிடுங்கள். உயிரற்ற துண்டை இழுப்பதில் சுவை இல்லை, சற்று நேரத்தில் வாய் திறக்கும். திறந்த அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, உடனே 'கவ்வு' என்று மறுபடி ஓட விடுங்கள். விட்டால் விளையாட்டு முடிந்துவிடாது, மீண்டும் தொடங்கும் என்று குட்டிக்குத் தெரிந்துவிட்டால் பொருளுக்காக உறுமும் பழக்கம் வருவது அரிது. இழுபறி விளையாடினால் நாய் முரடாகிவிடும், நம்மை ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் எச்சரிப்பதுண்டு. 2002இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 14 கோல்டன் ரிட்ரீவர் நாய்களைப் பலமுறை ஜெயிக்க விட்டும், பலமுறை தோற்க வைத்தும் சோதித்து வெளியிட்ட ஆய்வில், ஜெயித்ததால் நாய்கள் மனிதரை அடக்கியாளத் தொடங்கியதாகத் தெரியவில்லை. நான் குட்டிகளை அடிக்கடி ஜெயிக்க விடுகிறேன். ஏற்கெனவே பொருளுக்காகக் கடிக்கும் நாய் என்றால் மட்டும் இதைத் தனியாகத் தொடங்காமல் ஒரு மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ காட்டுங்கள்.

பொம்மை எதுவாக இருக்கலாம் என்பதைவிட, எது கூடாது என்பதை அறுவை சிகிச்சை மேசை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. காலுறை கூடாது, குடலில் அடைத்துக்கொள்ளும். பிரிந்த நைலான் கயிற்றின் இழை கூடாது, அது குடலைச் சுருக்கி அறுத்தேவிடும். தொண்டைக்குள் போகும் அளவுள்ள சிறு பந்தும், எறிந்து பிடிக்கும் குச்சியும் வேண்டாம். ஓடும் வேகத்தில் தரையில் குத்தி நிற்கும் குச்சி அண்ணத்தையும் தொண்டையையும் கிழித்துவிடும். டென்னிஸ் பந்தின் மேலுறை நாள்தோறும் மெல்லப்படும்போது உப்புத்தாள்போல் பல்லைத் தேய்க்கிறது. லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்த விடாதீர்கள், பிடிக்க முடியாத ஒன்றைத் தேடித் தேடிச் சில நாய்கள் நிழலையும் வெளிச்சத்தையும் வெறித்தபடியே இருக்கத் தொடங்கிவிடுகின்றன. விளையாடி முடிந்ததும் பின்னிய துண்டை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். அது எப்போதும் தரையில் கிடந்தால் வெறும் துணி.

இரண்டாவது, உடலை அறிவது. நாய்க்கு முன்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும், பின்னங்கால்கள் தாமாகப் பின்னால் வருகின்றன என்பதே அதன் எண்ணம். உட்கார்ந்து சாப்பிடும் மணை ஒன்று இருந்தால் போதும். முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, நீங்கள் அரை அடி பக்கவாட்டில் நகருங்கள். முன்பக்கம் மணையில் நிற்க, பின்னங்கால்கள் ஒரு எட்டு எடுத்து வைக்கும். அந்த ஒரு எட்டுக்குப் பரிசு கொடுங்கள். சில வாரங்களில் குட்டி கடிகார முள்போல் மணையைச் சுற்றிவரும். உயரப் பலகைமேல் நடக்கும்போது பின்னங்கால் தவறாமல் இருப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

பிறகு தரையில் கிடத்திய பலகைமேல் நடை. பலகையின் முடிவில் பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நிற்பது. போட்டியில் சாய்தளத் தடைகளின் அடிப்பகுதியில் வேறு நிறத்தில் ஒரு பகுதி இருக்கும், இறங்கும் நாய் அதை மிதித்துத்தான் போக வேண்டும். மேலிருந்தே குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வைத்த விதி அது. பலகைக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்தால் லேசாக ஆடும், தட்டென்று சத்தம் வரும். போட்டியில் வரும் ஏற்ற இறக்கப் பலகையின் (சீசா) ஆட்டத்துக்கும் சத்தத்துக்கும் பயப்படாத நாய் இப்படித்தான் உருவாகிறது. சத்தத்தை உண்டாக்குவது குட்டியாகவே இருக்க வேண்டும், நாம் திடுக்கிடவைக்கக் கூடாது. வேப்ப மரத்தையோ தண்ணீர்க் குடத்தையோ சுற்றிவரச் சொல்வது, சாப்பாட்டு மேசை நாற்காலிகளின்மேல் பழைய சேலையைப் போட்டு அதற்கடியில் நேராக ஓடிவரச் செய்வது, தரையில் படுத்த ஏணியின் படிகளுக்கிடையே நிதானமாக நடத்துவது, எல்லாம் வீட்டிலேயே முடியும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். குட்டி இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

நம் வீடுகளின் டைல்ஸ் தரை இதற்கெல்லாம் எதிரி. வழுக்கும் தரையில் பந்தைத் துரத்தித் திரும்பும் குட்டியின் பின்னங்கால் முட்டி என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். தென்னை நார்ப் பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள், மண்தரையும் புல்லும் இன்னும் நல்லவை. மொட்டைமாடியில் என்றால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள், துரத்தும் வேகத்தில் சுவரைத் தாண்டி விழுந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுமுன் காலையில் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஐந்தாறு விநாடி வைக்க உங்களால் முடியவில்லை என்றால் அந்தத் தரை பாதத்துக்கும் ஆகாது. விளையாட்டு வெறியில் இருக்கும் குட்டி மூச்சிரைத்துச் சாயும்வரை தானாக நிற்காது, நிறுத்த வேண்டியது நாம். தடுப்பூசித் தவணை முடியாத குட்டியைப் பிற நாய்கள் புழங்கும் மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

செவலைக்கு இப்போது பதினாறு மாதம். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் முன்னங்கால் தட்டுகள் மூடிவிட்டன. ஆசிரியை அம்மா அதே பின்னிய துண்டை, இது மூன்றாவது, தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எங்கள் மருத்துவமனைக்குப் பின்னாலிருக்கும் மண்தரையில், அவளுக்கு முதல் கம்பை வைக்கப்போகிறோம். அவளது முன்னங்கால் மணிக்கட்டு உயரத்தில்.