யோசிக்கிறதும் யோசினையும்

வன்னியில் பிள்ளை கவலைப்பட்டால் அம்மா போனில் சொல்வது "யோசிக்காத" என்றுதான். கணக்குக்கு விடை தேடுவதும் யோசிக்கிறதுதான், நித்திரை வராமல் புரளுவதும் யோசிக்கிறதுதான். ஒரே சொல்லில் இரண்டும் போவது குழப்பம்போலத் தெரியும், ஆனால் 1983இல் உளவியலாளர் தோமஸ் போர்கோவெக் குழுவினர் கவலையை வரையறுத்தபோதும் இதற்குக் கிட்டத்தான் வந்தார்கள்: முடிவு தெரியாத, கெட்டதாகவும் முடியக்கூடிய ஒரு விசயத்தை மனதுக்குள்ளேயே தீர்க்கப் பார்ப்பதுதான் கவலை.

சரி, பிறகு ஏன் தீர்வதில்லை?

கிளிநொச்சி அறிவியல்நகர் கம்பஸ் விடுதியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். ஒரு பாடம் ரிப்பீட். இந்த முறையும் விட்டால் டிகிரியில் கிளாஸ் (சிறப்புத் தரம்) போய்விடும், கிளாஸ் போனால் நல்ல வேலை கிடைக்காது, வேலை இல்லாவிட்டால் முரசுமோட்டையில் அப்பா ஈடு வைத்த வயலை ஆர் மீட்கிறது? பன்னிரண்டு மணிக்குப் பரீட்சையில் தொடங்கியது ஒன்றரைக்கு வயலில் வந்து நிற்கிறது, நோட்ஸ் கொப்பி இன்னும் திறக்கவில்லை.

இந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை தீர்க்கத் தெரியாது என்றுதான் நினைப்போம். உளவியலாளர் கிரஹம் டேவி 1994இல் வெளியிட்ட ஆய்வு வேறுமாதிரிச் சொன்னது. கூடக் கவலைப்படுகிறவர்களுக்குத் தீர்க்கும் திறமை குறைவில்லை, குறைந்திருந்தது தன்னால் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை. "சீனியரிடம் பழைய பேப்பர் கேட்கலாம்" என்ற வழி அவளுக்கும் தோன்றுகிறது, தோன்றின கையோடு "அதுவும் சரிவராட்டி?" என்று மனமே தட்டிவிடுகிறது.

அதைவிடச் சுவையானது 1992இல் அவர் குழு கண்டது. கவலையும் பதற்றமும் ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆனால் பதற்றத்தின் பங்கைப் புள்ளிவிபர முறையில் கழித்துப் பார்த்தால், மிஞ்சுகிற கவலை தகவல் தேடுவதோடும் பிரச்சினையை நேரே கையாளுவதோடும் சேர்ந்து நின்றது. நம்பிக்கைக் குறைவு பதற்றத்தோடு போனது. எது எதைக் கொண்டுவருகிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, ஆனாலும் கவலையை மட்டும் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கல், கெட்ட மனநிலையில் "இன்னும் யோசித்து முடியவில்லை" என்றே மனம் கணக்குப் பார்க்கும். ஆகவே நிற்பாட்டாது.

போர்கோவெக் சொன்ன வழி எளிது: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம் கவலைக்கு ஒதுக்குவது, மற்ற நேரம் வந்தால் அப்போது பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது. கட்டிலில் வேண்டாம். நாலு பேர் இருக்கிற விடுதி அறையில் கட்டிலைவிட்டால் வேறு இடம் ஏது என்று கேட்டால், கிணற்றடிதான்.