புக்கிங், மக் ஷாட்: தமிழில் என்ன சொல்வது?

எங்கள் தெருக்காரர் ஒருவர் இரண்டு பக்க பிரிண்ட் அவுட்டோடு வந்தார். மகளுக்கு ஃபுளோரிடாவில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் உறவுக்காரர் யாரோ பையன் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். வந்து விழுந்தது இந்தப் பக்கம். சாம்பல் நிறச் சுவர், அதற்கு முன்னால் தலை கலைந்து தூக்கக் கண்களோடு பையன். பக்கத்தில் புக்கிங் எண், தேதி, சார்ஜ் (குற்றச்சாட்டு), பாண்ட் (ஜாமீன்) தொகை.

"தம்பி, புக்கிங்னு போட்டிருக்கே. நம்ம ஊர்ல கேஸ் புக் பண்ணிட்டாங்கன்னு சொல்றோமே, அதுதானா?"

அது இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நம் பேச்சில் 'கேஸ் புக் பண்ணிட்டாங்க' என்றால் முதல் தகவல் அறிக்கை போட்டாயிற்று என்று பொருள். ஆள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் புக்கிங் என்பது ஆளைக் கொண்டுவந்த பிறகு நடப்பது. பெயர், பிறந்த தேதி, உயரம், எடை குறிப்பார்கள், கைரேகை எடுப்பார்கள், சட்டைப்பையில் இருப்பதை வாங்கிப் பட்டியல் போடுவார்கள், கடைசியில் ஒரு படம். முன்பெல்லாம் இதைத் தடித்த பேரேட்டில் எழுதினார்கள். புத்தகத்தில் பெயர் ஏறுவதால் புக்கிங். ரயில் டிக்கெட் புக் செய்கிறோமே, அதுவும் இதே சொல்தான். ஆகவே இதற்கு 'வழக்குப் பதிவு' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 'கைதுப் பதிவு' என்பது பொருந்தும்.

அந்தப் படத்துக்குப் பெயர் மக் ஷாட். தமிழர் காதில் விழுந்ததும் 'மக் என்றால் முகம்தானே' என்று தோன்றும். ஆசையாக இருக்கும், ஆனால் உறவு இல்லை. மக் என்பது கைப்பிடி வைத்த குடிகுவளை. இங்கிலாந்தில் கோணல் மூஞ்சி வடிவில் அப்படிக் குவளைகள் செய்தார்கள். அதிலிருந்துதான் 18-ஆம் நூற்றாண்டில் மூஞ்சிக்கே 'மக்' என்ற கொச்சைப் பெயர் வந்தது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஷாட் என்றால் புகைப்படம். இரண்டும் சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். அதாவது அதன் நேர்ப்பொருள் 'மூஞ்சிப் படம்'. மரியாதையான சொல் அல்ல. அதனால்தான் அங்கே அலுவலகத் தாள்களில் பெரும்பாலும் 'புக்கிங் ஃபோட்டோகிராஃப்' என்றே இருக்கும்.

படம் எடுக்கும் பழக்கம் சொல்லைவிட மூத்தது. கைதிகளை 1840-களிலேயே பெல்ஜியத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தவர் பாரிஸ் காவல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்டியோன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒரே வெளிச்சம், ஒரே தூரம் என்று 1880-களில் அவர் வகுத்ததுதான் இன்றுவரை ஓடுகிறது. பக்கவாட்டுப் படம் எதற்கு? காதுக்காக. தாடி வளர்க்கலாம், மீசையை எடுக்கலாம், காதை மாற்ற முடியாது என்பது அவர் கணக்கு.

இனி 'கைது'. கையில் விலங்கு மாட்டுவதால் கைது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அழகான கதை, அவ்வளவுதான். அரபியில் 'கய்த்' என்றால் விலங்கு, தளை. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது; கைதியும் கூடவே வந்தார். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான். அதே அரபி வேருக்கு ஏட்டில் பதிவு செய்தல் என்ற பொருளும் உண்டு. கட்டிப்போடுவதற்கும் எழுதிவைப்பதற்கும் ஒரே வேர். அப்படிப் பார்த்தால் 'கைதுப் பதிவு' என்பது 'நடுசென்டர்' மாதிரி ஆகிறது. சரி, போகட்டும்.

தனித்தமிழில் 'சிறைபிடிப்பு' என்று சொல்லலாமே என்பார்கள். ஆனால் நம் செய்தித்தாள்களில் அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. கடலில் மீனவர்கள் சிறைபிடிப்பு. குடிநீர் வராததால் அரசுப் பேருந்து சிறைபிடிப்பு. பேருந்தோடு மாப்பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். 'கைது' இருக்கட்டும்.

படத்துக்கு 'குற்றவாளி படம்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். இது தப்பு, மொழித் தப்பு மட்டுமல்ல. அந்தப் படம் எடுக்கும்போது தீர்ப்பு வந்திருக்காது, பல நேரம் நீதிமன்றத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். 'கேடி படம்' என்பதும் சரியில்லை. கேடு செய்பவன் கேடி என்று தோன்றினாலும், காவல்துறையில் அது 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் முதலெழுத்துகள்: ஏற்கெனவே தெரிந்த திருடர். மக் ஷாட்டுக்கு நான் எழுதுவது 'கைதுப் பதிவுப் படம்'. நீளம்தான். செய்தியில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'பதிவுப் படம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சிறையில் டொனால்ட் டிரம்ப்பை எடுத்த படம் அப்படிப்பட்டதுதான். அந்த வழக்கு 2025 நவம்பரில் தள்ளுபடி ஆனது. படம் மட்டும் எங்கும் போகவில்லை.

இந்தப் பதிவுகளை எப்படிப் பார்க்கிறார்கள்? பெரும்பாலான கவுண்டிகளில் சிறையை நடத்துவது ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகம். அதன் இணையதளத்தில் சிறைவாசி தேடல் பக்கம் இருக்கும். பெயரைப் போட்டால் பதிவு வரும். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், பிறந்த தேதியை ஒத்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. இணையத்தில் இல்லையென்றால் எழுத்தில் கேட்கலாம். ஃபுளோரிடாவில் பொது ஆவணச் சட்டம் தாராளமானது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, சாதாரண நகலுக்கு ஒரு பக்கத்துக்கு 15 சென்ட் வரை வாங்கலாம்.

எல்லா மாநிலமும் ஃபுளோரிடா அல்ல. நியூயார்க் 2019-இல் சட்டத்தைத் திருத்தி, விசாரணைக்கு உதவும் என்றால் ஒழியப் படத்தை வெளியிட வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. மத்திய அரசு வழக்குகளில் படம் எடுப்பது மார்ஷல் துறை என்ற மத்திய காவல் அமைப்பு. தப்பியோடியவரைத் தேடுவது போன்ற தேவை இருந்தால் தவிர அவர்கள் தருவதில்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தைக் காட்டி ஒரு நாளிதழ் போட்ட வழக்கில், 2016-இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றி, அந்தப் படத்தில் ஒருவருக்குத் தனியுரிமை உண்டு என்றது.

தாராளத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பதிவுப் படங்களை அள்ளிப் போட்டுவிட்டு, நீக்கப் பணம் கேட்கும் தளங்கள் முளைத்தன. ஃபுளோரிடாவில் 2018 முதல் அப்படிப் பணம் கேட்பது சட்டவிரோதம். எழுத்தில் கேட்டால் 10 நாளில் இலவசமாக எடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. கைதானவர்களின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பாலியல் குற்றம் போன்றவை விலக்கு. படத்தைப் பற்றி இரண்டிலும் பேச்சில்லை. அடையாள அணிவகுப்பு பாக்கி இருந்தால் முகத்தைத் துணியால் மூடித்தான் கூட்டிப்போவார்கள். சாட்சி முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது.

தெருக்காரரின் தாளுக்கு வருகிறேன். கைதுப் பதிவில் தொடக்கம் மட்டுமே இருக்கும். முடிவு தெரிய, கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும். போனோம். சார்ஜ், லைசென்ஸ் முடக்கத்தில் இருந்தபோது வண்டி ஓட்டியது. அதற்கு நேரே 'நோலே பிராசிக்வை' என்று லத்தீனில் இருந்தது. அரசுத் தரப்பு வழக்கை நடத்த விரும்பவில்லை, கைவிட்டுவிட்டது என்று பொருள்.

"அப்ப வீட்ல இந்தப் படத்தை என்னன்னு சொல்றது?"

"பிடிச்சப்ப எடுத்த படம்னு சொல்லுங்கண்ணே. லைசென்ஸ் விவகாரம், கேஸை விட்டுட்டாங்கங்கிறதையும் அதே மூச்சுல சொல்லிருங்க."

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் அதை எழுதிக்கொண்டார். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தார். "வீடியோ கால்ல நல்லாத்தான் தம்பி இருந்தான்" என்றார்.