மூன்று போன்கள், ஒரு கூட்டுத்தொகை

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிராஃபிக்ல என்று அடித்தாலே, மாட்டிக்கிட்டேன் என்று கீபோர்டு எடுத்துக்கொடுக்கிறது. நான் அடிப்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்களா சார்?"

படிக்காமலே கற்றுக்கொள்ள ஒரு வழி உண்டு. ஃபெடரேட்டட் லேர்னிங் என்று பெயர். 2016இல் கூகுள் ஆய்வாளர் பிரெண்டன் மெக்மஹனும் சகாக்களும் இதை விவரித்தார்கள். அடுத்த ஆண்டே கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் சோதனைக்கு வந்தது. வழக்கமாக எல்லோருடைய தரவும் சர்வருக்குப் போய், அங்கே மாடல் (அடுத்த வார்த்தையை ஊகிக்கும் எண்களின் தொகுப்பு) பயிற்சி பெறும். இதில் மாடல் உங்கள் போனுக்கு வருகிறது. சார்ஜில் போட்டு, வைஃபையில், யாரும் தொடாமல் கிடக்கும் நேரத்தில் உங்கள் எழுத்தைப் பார்த்துத் தன் எண்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. அந்தத் திருத்தம் மட்டும் சர்வருக்குத் திரும்புகிறது. பல போன்களின் திருத்தங்களைச் சராசரி எடுத்தால் புது மாடல் தயார். அப்புறம் அடுத்த சுற்று. (தேடலும் பேக்கப்பும் வேறு வழியில் போகின்றன. அது தனிக் கதை.)

திருத்தம் வெறும் எண்கள்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த எண்களிலிருந்தே பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களையும் வாக்கியங்களையும் மீட்டெடுக்க முடியும் என்று 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஆக, தனி ஒருவரின் திருத்தத்தைச் சர்வர் பார்க்கவே கூடாது. ஆனால் கூட்டுத்தொகை வேண்டும்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 2017இல் கூகுளின் கீத் பொனாவிட்ஸ் குழு தந்த விடை பள்ளிக்கூடக் கணக்கில் அடங்கும்.

அடையாறு, பெரம்பூர், தாம்பரம் என மூன்று போன்கள். அவற்றின் திருத்தங்கள் முறையே 5, 2, −4. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்கிறது: அடையாறு–பெரம்பூர் 70, அடையாறு–தாம்பரம் 31, பெரம்பூர்–தாம்பரம் 58. ஜோடியில் ஒருவர் அதைக் கூட்ட வேண்டும், மற்றவர் கழிக்க வேண்டும். அடையாறு அனுப்புவது 5+70+31, அதாவது 106. பெரம்பூர் 2−70+58, அதாவது −10. தாம்பரம் −4−31−58, அதாவது −93. சர்வர் மூன்றையும் கூட்டினால் 3. அசல் எண்களைக் கூட்டிப் பாருங்கள், அதே 3! அசலை மறைத்த முகமூடிகள், அதாவது அந்த ரகசிய எண்கள், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விட்டன. நிஜத்தில், கடிகார முள் 12ஐத் தாண்டியதும் 1க்கு வருவதுபோல, எண்கள் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அதனால் முகமூடி போட்ட எண்ணைப் பார்த்து அசல் பெரிதா சிறிதா என்றுகூட ஊகிக்க முடியாது.

அந்த 70 சர்வர் வழியாகத்தானே போக வேண்டும்? போவதில்லை. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறைப்படி, இருவரும் ஆளுக்கொரு பொதுச் சாவியை (யார் பார்த்தாலும் பாதகமில்லாத ஓர் எண்) சர்வர் மூலமே மாற்றிக்கொண்டு, தங்களிடமே இருக்கும் ரகசியச் சாவியையும் சேர்த்து, சர்வருக்குத் தெரியாத ஒரே ரகசியத்தை அவரவர் இடத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

சரி, மழையில் கரண்ட் போய், தாம்பரத்தின் வைஃபை நடுவில் நின்றுவிட்டால்? அடையாறு கூட்டிய 31க்கும் பெரம்பூர் கூட்டிய 58க்கும் எதிர்ஜோடி இல்லை. மொத்தக் கணக்கும் குப்பை. இதற்காகவே ஒவ்வொரு போனும் முன்கூட்டியே தன் ரகசியச் சாவியைத் துண்டுகளாக்கி மற்ற போன்களிடம் கொடுத்துவைக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் துண்டுகள் சேர்ந்தால்தான் சாவி கிடைக்கும் (ஷமீர் 1979இல் கண்ட வழி). தாம்பரம் விழுந்தால், மிச்சமிருப்பவர்கள் துண்டுகளைத் தர, சர்வர் அந்த முகமூடிகளைக் கழித்துவிடும்.

இங்கே ஒரு திருட்டுத்தனத்துக்கு இடம் இருக்கிறது. தாம்பரம் ஒழுங்காக அனுப்பியிருந்தும், "வரவே இல்லை" என்று சர்வர் பொய் சொல்லித் துண்டுகளை வாங்கிவிட்டால்? அதனால் ஒவ்வொரு போனும் தனக்கென்று இன்னொரு முகமூடியும் போட்டுக்கொண்டு, அதன் துண்டுகளையும் மற்றவர்களிடம் கொடுத்துவைக்கிறது. வந்த போனுக்கு இரண்டாவது முகமூடியின் துண்டுகள், வராத போனுக்கு ஜோடிச் சாவியின் துண்டுகள். ஒரே போனுக்கு இரண்டையும் மற்றவர்கள் தரமாட்டார்கள். எவ்வளவு சந்தேகப் புத்தி பாருங்கள்! நான் ரசிப்பதே அதைத்தான். நிறுவனம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இங்கே வேலை குறைவு.

இதற்குச் செலவு உண்டு. 1,000 போன்கள் என்றால் 4,99,500 ஜோடிகள். போதாததற்கு, தனித் திருத்தம் தெரியாததால் விஷமத்துக்கு ஒருவர் குப்பையை அனுப்பினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கூட்டுத்தொகையிலிருந்தும் தகவல் கசியலாம் என்பதால், கொஞ்சம் சீரற்ற எண்களைக் கலந்துவிடும் டிஃபரன்ஷியல் ப்ரைவசி என்ற முறையும் சேர்கிறது.

கீபோர்டைவிட மருத்துவமனைகளுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கட்சி. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறிய 2016இல் வந்த கூகுள் ஆய்வுக்கு, சென்னையின் சங்கர நேத்ராலயா, மதுரையின் அரவிந்த் போன்ற மருத்துவமனைகளின் படங்களைத் திரட்ட வேண்டியிருந்தது. 2022இல் வெளியான மூளைக்கட்டி ஆய்வு ஒன்றில் 71 நிறுவனங்கள் 6,314 நோயாளிகளின் ஸ்கேன்களைத் தங்கள் இடத்திலேயே வைத்துக்கொண்டு ஒரே மாடலைப் பயிற்றுவித்தன. மத்திய அரசின் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான இந்தியா ஏஐ மிஷனுக்கு 2024இல் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. மாடல்களைப் பயிற்றுவிக்கும் ஜிபியு சிப்கள் வாங்குவது போக, மாவட்ட மருத்துவமனைகளில் உட்கார்ந்து ஸ்கேன்களை ஒழுங்குபடுத்தி, இந்த மென்பொருளை நிறுவி, அது நின்றால் ஓடிவந்து பார்க்கும் பொறியாளர்களின் சம்பளத்துக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும்.